பாதிக் கூடை

"நில்லுடி! அந்தக் கூடைய இறக்கி வை!"

விடிந்ததும் விடியாததுமாய் எழுந்த அந்தக் குரலில், முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள்கூட ஒதுங்கிப் போயின. தியோபிஸ்தா கூடையை இறக்கவில்லை. பச்சை வாழைக்காய்களின் மேல் துணியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

குரலுக்குச் சொந்தக்காரி அவளுடைய நாத்தனார் நக்கன்வாகி. தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சனிக்கிழமை தியோபிஸ்தாவின் மூத்த பெண்ணைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அத்தை முன்னே நிற்காமல் அவர்கள் வழக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணப் பேச்சு நடக்காது. அதனால் இந்த ஒரு வாரமும் வீடு அவள் கையில் இருந்தது. கையைவிட அதிகமாக அவள் வாயில் இருந்தது.

"நானும் தினம் பாக்குறேன். போறப்போ கூடை நிறைய... வர்றப்போ இலைப் பொட்டலத்துல பாதி! மீதி எங்கடி போகுது? பக்கத்து வீட்டு ரெஜினா உன் ஊர்க்காரிதானே? என் தம்பி ராப்பகலா லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறான். நீ உன் ஊருக்குப் படியளக்குறியா?"

"இல்ல அண்ணி..."

"அப்புறம் என்ன? வாயத் தொறந்து சொல்லேன்!"

சொல்லலாம். சொன்னால் இந்த நொடியே பழி தீரும். ஆனால் அது கம்பாலா வரைக்கும் போய், மாப்பிள்ளை வீட்டுக் காதிலும் விழும். தியோபிஸ்தா கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழி அவளோடு போகட்டும். கதவோரமாய்ப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் சின்ன மகள் நம்பூசியின் பெயரில் ஒரு சொல்கூட ஒட்டக் கூடாது!

அந்த நேரம் பார்த்து நந்துது சைக்கிளில் வந்து இறங்கினாள். மனசு உடைந்தவர்களை வீடு தேடிப் பார்க்கும் சுகாதாரத் தொண்டர் அவள். நம்பூசியின் உடம்பைப் பார்க்க வருகிறாள் என்றுதான் நக்கன்வாகியிடம் சொல்லியிருந்தார்கள். பெரியவளான நக்கன்வாகியின் முன் முழங்கால் ஊன்றி வணக்கம் சொல்லிவிட்டு, நேரே நம்பூசியின் பக்கத்தில் பாயில் போய் உட்கார்ந்தாள்.

"போன வாரம் நம்ம பொண்ணுங்க கூட்டத்துல எல்லாரும் அவங்கவங்க ஆசையச் சொன்னாங்க, நீ மட்டும் யோசிச்சுச் சொல்றேன்னியே. அடுத்து என்ன செய்யணும்னு ஆசைப்படுற?"

"அவளுக்கு என்ன ஆசை? மொதல்ல உடம்பு தேறட்டும், அப்புறம் ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் அத்தை.

"பழையபடி பள்ளிக்கூடம் போனாப் போதும்மா" என்று தியோபிஸ்தாவும் சேர்ந்துகொண்டாள்.

நந்துது சிரித்தாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் சொல்றீங்க. நான் கேட்டது நம்பூசிய."

பதினேழு வயதுப் பெண் தரையைப் பார்த்தபடியே பேசினாள். "சனிக்கிழமை... பொம்பளைங்க எல்லாரும் சுத்தி உக்காந்து வாழைக்காய் சீவுவாங்கள்ல. அதுல நானும் உக்காரணும். அதுக்கு முன்னால, இன்னைக்கு நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்கு நானே சீவணும்."

"இவ்வளவுதானா! இதுக்கா இத்தன யோசன?" நக்கன்வாகி கத்தி எடுக்க அடுப்படிக்குள் போனாள். பானையைத் தூக்கிப் பார்த்தாள், கூரை இடுக்கில் கைவிட்டுத் துழாவினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "என்னடி இது, ஒரு வீட்டுல ஒரு கத்தி இல்லையா?"

தியோபிஸ்தாவின் முகம் வெளுத்தது. "வேணாம் நம்பூசி... சொல்லாத!"

"எத்தன நாளைக்கும்மா நீங்களே திட்டு வாங்குவீங்க?" மகளின் கண்களில் நீர் முட்டியது. "அத்தை, எங்க வீட்டுக் கத்தி எல்லாம் ரெஜினா வீட்டுல இருக்கு. போன மழைக்காலத்துல ஒருநாள் காலையில நான் கத்தியோட உக்காந்திருந்தேன்... சீவுறதுக்கு இல்ல. அம்மா வந்து கையப் புடிச்சாங்க. அன்னைக்கிருந்து அவங்க அங்க போய்ச் சீவி, இலையில கட்டிக் கொண்டு வர்றாங்க. தோல் போனா பாதிதான் அத்தை இருக்கும்!"

எத்தனையோ பெண்களுக்கு வாழைக்காய் சீவக் கற்றுக்கொடுத்தவள் நக்கன்வாகி. தோல் போனால் கூடை குறையும் என்பது அவளுக்குத் தெரியாதா? கோபம் வந்தால் தெரிந்தது எங்கே நினைவுக்கு வருகிறது! வாழைப்பால் பட்டுக் கறுத்துப்போன தியோபிஸ்தாவின் விரல்களை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

பிறகு நடந்ததைப் போல் ஒன்றை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. தம்பி மனைவிகள் எல்லாரும் யார் முன் முழங்காலிட்டுப் பழகினார்களோ, அந்த நக்கன்வாகி செம்மண் முற்றத்தில் தியோபிஸ்தாவின் முன் முழங்காலிட்டாள்!

"ஐயோ அண்ணி! எந்திரிங்க... பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க!"

"சொல்லட்டும்டி. உன்னத் திருடின்னு சொன்ன வாய் இது... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

ஆனால் கத்தி இன்னும் ரெஜினா வீட்டில்தான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள் தியோபிஸ்தா நந்துதுவிடம். மறைக்காமல் சொன்னாள்.

"பயப்படுறது தப்பில்ல" என்றாள் நந்துது. "நம்பூசி, நீயே சொல்லு. எப்படின்னா அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்?"

நம்பூசி அம்மாவின் கறுத்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சீவி முடிச்சதும் கத்திய உங்க கையிலயே குடுத்துடுறேன். என்னைக்காவது மனசு மறுபடி கனத்துதுன்னா, அன்னைக்குத் தொடக்கூட மாட்டேன். நேரா உங்ககிட்ட வந்து சொல்லுவேன். அன்னைக்குச் சொல்லத் தெரியலம்மா. இப்பத் தெரியுது."

தியோபிஸ்தா எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் மடியில் கத்தி இருந்தது. கைப்பிடியை மகள் பக்கம் திருப்பி நீட்டினாள்.

முதல் காயில் தோல் தடிமனாய்ப் பெயர்ந்தது. "பாதிக் காயே தோலோட போகுதே, உங்கம்மா மேலதான் மறுபடி பழி விழும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அத்தை கேலி பேசினாள். நம்பூசி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! ஆனாலும் தியோபிஸ்தாவின் பார்வை கத்தியின் முனையைவிட்டு நகரவில்லை.

"அம்மா... நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடல. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்."

இதைத்தான் அவளால் முடியாது. பழியைச் சுமக்க முடியும், பசியைப் பொறுக்க முடியும். போன மழைக்காலத்திலிருந்து இந்தப் பெண்ணுக்கு முதுகு காட்டி அவள் உட்கார்ந்ததில்லை. நந்துதுவைப் பார்த்தாள். அவள் தண்ணீர்ச் சட்டியை நம்பூசியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தியோபிஸ்தா வாழைத்தோப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கத்தி தோலைச் சீவும் சத்தம் வந்தது. சீவிய காய் தண்ணீரில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"முடிஞ்சுதும்மா. இந்தாங்க கத்தி. திரும்புங்க."

அவள் உடனே திரும்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.