வெளுத்த கண்ணாடி மூடி

காலையில் வெள்ளையாகப் படலம் பிடித்திருந்த கண்ணாடி மூடி, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பளிச்சென்று தெளிந்திருந்தது.

சூப்பர் க்ளூ பட்டு வெளுத்த பிளாஸ்டிக் தானாகத் தெளியாது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவள் அவள். பசையும் பிளாஸ்டிக்கும் அவளிடம் வாலாட்ட முடியாது. அந்தப் பசையின் ஆவி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் போய்ப் படிந்துவிடும். படிந்தால் படிந்ததுதான். "கண்ணுல புரை விழுந்த மாதிரி ஆயிடும்மா, கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பசைதான் போடணும்" என்று அவள் கணவர் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வெள்ளைப் பசைப் புட்டி, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் கல்லாக இறுகிவிட்டிருந்தது. அதனால் நேற்று தன் வேலை மேசையிலிருந்த சூப்பர் க்ளூவை எடுத்து மூடியை ஒட்டிவிட்டாள்.

அவர் பாதியில் விட்டுப்போன ஸ்பிட்ஃபயர் பொம்மை விமானத்தின் மூடி அது. இரண்டாம் உலகப்போரில் பறந்த போர்விமானம், முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, இறக்கையோடு இறக்கை ஒரு முழம்கூட வராமல் மேசைமேல் நின்றது. அவருக்குக் கார் பட்டறையில் வண்ணம் தெளிக்கிற வேலை. நாளெல்லாம் ஊரார் கார்களுக்கு வண்ணம் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து விமானத்துக்கு அடிப்பார். மேசையில் ஒரு தூசி இருந்தால் அவருக்குத் தாங்காது. சட்டையில் வண்டி வண்டியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் வருஷக்கணக்காக இழுத்த அந்த வண்ணப் புகைதான் அவர் நுரையீரலைத் தின்று தீர்த்தது.

விமானி மட்டும்தான் பாக்கி இருந்தான். பெட்டியில் வந்த கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மூக்குக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். பல்லுக்குச் சாயல் தீட்டுகிற மெல்லிய தூரிகையால் அவள்தான் கண்ணும் புருவமும் வரைந்தாள், உதட்டை அழுத்தி மூடினாற்போல் ஒரு கோடு இழுத்தாள். வேறு யார் முகம் வரும் அவளுக்கு? வரைந்து முடித்ததும் நெஞ்சு வெடிக்க அழுதாள். கைகளை மடிமேல் வைத்து ஒட்டி, இருக்கையில் உட்கார வைத்து, மூடியை மூடினாள்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் தங்கைக்காக அவள் இங்கேயே தங்கியிருந்தாள்.

"சாயங்காலம் கிளம்பலாமாடி? எங்க வீட்ல கொஞ்ச நாள் இரு. இந்த மேசையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா நீயும் படுத்துடுவ."

"இதை முடிச்சிட்டு வரேன்க்கா."

"நேத்தே முடிஞ்சிடுச்சுன்னு சொன்ன?"

"கண்ணாடி சரியில்ல."

அக்கா குனிந்து பார்த்தாள். "ஆமா, வெள்ளையா இருக்கு."

அவள் திரும்பி மூடியைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தெளிந்திருந்தது.

"டீ ஆவி பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா துணிகளை மடித்து வைக்கப் போனாள். டீ இருந்த கோடிக்கும் விமானம் நின்ற கோடிக்கும் இரண்டு கை தூரம். டீ அவ்வளவு சூடாகவும் இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையிட்ட வண்டிக் கொட்டகையில் அது படபடவென்று அடிக்க, அறைக்குள் தின்னர் வாடையும், அதற்கு அடியில், எங்கிருந்தோ, ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாடையும் மெல்ல எழுந்துவர, அவள் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து விமானத்தின்மேல் நிறுத்தினாள். மூடியின் அடியோரத்தில் ஒரு வெண்மை கிளம்பி மேலே பரவியது. நின்றது. ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. மறுபடி பரவியது. உள்பக்கத்திலிருந்து.

அந்தத் தாளம் அவளுக்கு மனப்பாடம். கடைசி வாரம் முழுக்க அவர் முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்தால் உயிர் இருக்கிறது. தெளிந்தால், அடுத்த வெளுப்பு வரும்வரை அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். அவர் அதைப் பிடித்துப் பிடித்து இழுப்பார். "எடுத்துடும்மா, முடியல." அவள் அவர் கையை விலக்கி, முகமூடியைத் திரும்பவும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"என்னங்க?" என்றாள் இப்போது, விமானத்திடம்.

மூச்சு வேகமானது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. போகவில்லை. எங்கும் போகவில்லை. இவ்வளவு நாள் வெறுமையாகக் கிடந்த வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில், அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். மூடியில் காதை வைத்தாள். ஓட்டை விழுந்த பம்பு காற்றை இழுக்கிற அந்தச் சத்தம், தூக்கத்திலும் அவளை உலுக்கி எழுப்பிய சத்தம், நூலிழை போல உள்ளே கேட்டது. இழுப்பு. அடைப்பு. இழுப்பு.

காதை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வெண்மையின் நடுவில் ஒரு கடுகளவு இடம் துடைத்துவிடப்பட்டிருந்தது.

மடிமேல் அவள் ஒட்டிய கைகளில் ஒன்று மடியில் இல்லை.

விளக்கை இன்னும் தாழ்த்தினாள். துடைத்த இடத்தில் ஒரு கண். அவள் தீட்டிய கண்தான். ஈரமாக இருந்தது. அதன் கீழே வாய். கோடு இழுத்து மூடிய வாய் திறந்திருந்தது. உள்ளே பற்கள். பற்களை அவள் வரையவில்லை. மேல்வரிசையில் ஒரு முன்பல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுப்பு. கல்யாணமான புதிதில், சாயல் சரியாகப் பிடிபடாமல், அவளே அவருக்குச் செய்து மாட்டிய பல்.

உதடுகள் அசைந்தன. கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

எடுத்துடு.

"இதோ, இதோ எடுத்துடறேன்." கத்தியை எடுத்து மூடியும் உடலும் சேரும் இடுக்கில் நுனியை வைத்து நெம்பினாள். டிக் என்று ஒரு விரிசல். ஊசித்துளை அளவு. அதன் வழியே இளஞ்சூடாக ஒரு காற்று அவள் விரலில் பட்டது.

பட்டுக்கொண்டே இருந்தது.

உள்ளே வெண்மை குறைந்தது. கண்ணின் ஈரம் காய்ந்தது. முகம் வெறும் வண்ணமாக மங்கத் தொடங்கியது. திறந்தால் அவருக்கு வலி நிற்கும். திறந்தால் அவர் போய்விடுவார். இரண்டும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலும் இது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். சூப்பர் க்ளூவை எடுத்தாள்.

விரிசலில் ஒரு சொட்டு. காற்று நின்றது. முகத்துக்கு உயிர் திரும்பியது. வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

ஓரத்தில் ஒரு சொட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூடியைச் சுற்றி முழுவதும். பசையின் ஆவி கண்ணை எரித்தது. கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. சொட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை.

"கிளம்பலாமாடி?" வாசலிலிருந்து அக்கா.

"நீ போக்கா. நான் வரல. அவரை விட்டுட்டு எப்படி வர்றது?"

கண்ணாடி மூடி முழுவதும் வெளுத்துவிட்டது. முகம் தெரியவில்லை. உள்பக்கம் ஒரு சின்னஞ்சிறு உள்ளங்கை மட்டும் வந்து பதிந்தது. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. அவள் தன் சுண்டுவிரல் நுனியை வெளியிலிருந்து அதன்மேல் ஆசையாக வைத்து அழுத்தினாள். அதற்குக் கீழே அது தட்டியது. தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.