குட்டிக் காருக்கு ஐந்து பொட்டு

வயிற்றெரிச்சலுக்கு மோர் நல்லது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதனால் பூமிகா இரண்டு டம்ளர் மோர் குடித்துப் பார்த்தாள். எரிச்சல் குறையவில்லை. எப்படிக் குறையும்? அவள் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது மிளகாய் இல்லை, சோனியா.

இரண்டு பேரும் ஒரே தெரு. ஒரே ஆறாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு கார் கம்பெனி தன் வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பந்தயத் தடம் போட்டிருந்தது. பூமிகாவின் அம்மா கங்கம்மாவுக்கு அங்கே கேன்டீனில் வேலை. சோனியாவின் அப்பா ஸ்டீவனுக்கு அங்கே கார் ஓட்டும் வேலை. காலாண்டு லீவு விட்டதும் இரண்டு பெண்களும் அங்கே வந்துவிட்டார்கள்.

ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் பூமிகா பீன்ஸ் நறுக்கினாள், டம்ளர் துடைத்தாள். சோனியாவோ கம்பெனி கொடுத்த சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, புதுக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏ பூமி! இந்தத் தொப்பி எப்டி கீது?"

"பெருசா கீது. காது மூடிக்கினு கீது."

"எங்க நைனாதான் இந்த வண்டிய ஓட்டப் போறாரு. தெரியுமா?"

தெரியும். தெருவில் இருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். ஒரு வாரமாக சோனியா அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

கார் என்னவோ அழகுதான். எலுமிச்சம்பழ நிறத்தில், குட்டியாக, இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி விழித்துக்கொண்டு நின்றது. கம்பெனியில் தயாராகி வந்த கார். இது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காக, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிளப்பி, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி வரை தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டப்போகிறார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேரம்.

பெட்ரோல் போடவும் டிரைவர் மாறவும் மட்டும்தான் நிறுத்தலாம். அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. நடுவில் வண்டியைக் கழுவக் கூடாது. எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் அதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் வீண். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"முடியிறப்போ யாரு கொடி ஆட்டப் போறாங்க, சொல்லு பாப்போம்," என்றாள் சோனியா.

பூமிகா வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"நான்தான்! கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி!"

பூமிகா விடுவிடுவென்று கேன்டீனுக்குப் போனாள். "அம்மா, நானும் கொடி ஆட்டணும்."

கங்கம்மா வடை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்குடி கொடி? இந்தா, டம்ளர் தொடைக்கிற துணி. இத ஆட்டு."

அப்போதுதான் பூமிகா மூன்றாவது டம்ளர் மோரும் குடித்தாள்.

*

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் காருக்குப் பூஜை. பூசணிக்காய் உடைத்தார்கள். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மேனேஜர் துளசிராமன் கற்பூரம் காட்டினார். அவர் ராகு காலம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். ஸ்டீவன் தன் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சோனியா காருக்குள் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தாள். அது பதினேழாவது போட்டோ. பூமிகா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

துளசிராமன் சுற்றிப் பார்த்தார். "பாப்பா, நீ யாரு, கங்கம்மா பொண்ணா? இந்தா, சந்தனம், குங்குமம். வண்டி நெத்தியில ஒரு பொட்டு வெய்ம்மா."

கிண்ணம் கையில் வந்ததும் பூமிகாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முன்பக்க மூடியின் நடுவில் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சோனியா ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு பொட்டு போதாது என்று தோன்றியது.

கீழே, முன்பக்க பம்பரில், சட்டைப் பித்தான் அளவுக்கு நான்கு சின்ன வட்டங்கள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி. பூமிகா உட்கார்ந்து, நான்கிலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். நான்கிலும் குங்குமம் வைத்தாள். 'நீ உள்ள உக்காந்துக்கோ. வெளிய எல்லாம் என் பொட்டுதான்,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் கிளம்பியது.

*

ஸ்டீவனும் சரவணனும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். சனிக்கிழமை மழை கொட்டியது. ஸ்டீவன் ஓட்டும்போது வளைவில் கார் லேசாக வழுக்கி, புல்லில் இறங்கி, சேற்றை வாரிப் பூசிக்கொண்டு மறுபடி தடத்தில் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். சோனியா கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. சேறு காய்ந்து கார் மேல் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசி நிறுத்தம். இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் போதும். சரவணன் வேகத்தைக் குறைத்து, காரை நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

"பீப்! பீப்! பீப்! பீப்!"

நின்ற பிறகும் கார் கத்தியது. எதிரே சுவர் இல்லை, ஆள் இல்லை, ஒரு கோழி கூட இல்லை. ஆனாலும், "முன்னால் ஏதோ இருக்கிறது, ஜாக்கிரதை!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். பூமிகாவும் தோளில் டம்ளர் துணியோடு ஓடி வந்தாள்.

துளசிராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸ்டீவன், நேத்து புல்லுல எறக்கினியே, எங்கனா இடிச்சியா?"

"இல்ல சார். சத்தியமா இடிக்கல."

"இடிக்காம எப்டிப்பா கத்தும்? பம்பரைக் கழட்டிப் பாத்தாதான் தெரியும். கழட்டினா ரெண்டு நாள் ஓட்டுனது அம்பேல்! நீ மறைக்கிறேன்னு தெரிஞ்சுது, அப்புறம் டெஸ்ட் வண்டிய உன் கையில தர மாட்டேன். சாப்பாட்டு வேன்தான் ஓட்டணும்."

ஸ்டீவன் கையுறையைக் கழற்றி, மடித்து, பாக்கெட்டில் வைத்தார். சோனியா தொப்பியை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பூமிகாவின் மனசுக்குள் ஒரு குரல், 'வேணும், நல்லா வேணும்!' என்றது. ஜில்லென்று இருந்தது. மூன்று டம்ளர் மோரில் கிடைக்காத சுகம் அது.

தமிழ்செல்வி என்ற இன்ஜினியர் அக்கா பம்பருக்கு முன்னால் மண்டியிட்டாள். "சார், இந்த நாலு வட்டம்தான் வண்டியோட கண்ணு. வண்டி மெதுவாப் போறப்போ கிட்ட ஏதாவது வந்தா இதுதான் பாத்து கத்தும். உள்ள எதுனா நகர்ந்துடுச்சா தெரியல."

பூமிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

கண்ணா? பித்தான் இல்லையா?

எட்டிப் பார்த்தாள். நான்கு வட்டங்களின் மேலும் உருண்டை உருண்டையாகச் சேறு. மற்ற இடத்தில் மெல்லிசாக இருந்த சேறு, அங்கே மட்டும் தடித்துக் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சூண்டு மஞ்சள், கொஞ்சூண்டு சிவப்பு. வேறு யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. வண்டி என்றால் பொட்டு இருக்கத்தானே செய்யும்!

"அஞ்சு நிமிஷம் போச்சு," என்றாள் தமிழ்செல்வி, கடிகாரத்தைப் பார்த்து.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும். போதாக்குறைக்கு சோனியாவுக்குக் கொடியும் கிடைத்துவிடும்! பூமிகா சோனியாவைப் பார்த்தாள். சோனியா அழவில்லை. அப்பாவின் பாக்கெட்டில் இருந்த கையுறையின் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். பூமிகாவுக்கு அந்த ஜில்லிப்பு போன இடம் தெரியவில்லை.

ஒருவர் ஸ்பேனரை எடுத்தார்.

"கழட்டாதீங்க!"

கத்தியது தான்தான் என்று பூமிகாவுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஸ்டீவன் மாமா இடிக்கல சார். நான்தான்... நான்தான் அதும் மேல பொட்டு வெச்சேன். நீங்க ஒண்ணுதான் வெக்கச் சொன்னீங்க. நான் அஞ்சு வெச்சுட்டேன்."

"அடிப்பாவி!" என்று கேன்டீன் பக்கமிருந்து கங்கம்மாவின் குரல் கேட்டது.

தமிழ்செல்வி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சேற்றுக்கு அடியில் சந்தனம் கெட்டியாக இருந்தது. "சார்! இதுதான்! சந்தனத்துல சேறு ஒட்டி, இன்னைக்கு வெயில்ல காஞ்சு கட்டியாயிடுச்சு. தொடச்சா சரியாப் போயிடும்!"

துளசிராமன் இரண்டு கையையும் விரித்து காருக்கு முன்னால் நின்றுவிட்டார். "தொடைக்கிறதா? பூஜை போட்டு வெச்ச பொட்டு! ஓட்டம் முடியிறதுக்குள்ள அழிக்கிறதா? அபசகுனம்மா!"

"ஏழு நிமிஷம், சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்! ஆனா பொட்டு..."

பெரியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொட்டை அழிக்கலாம் என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"அழிக்க வேணாம் சார். எடம் மாத்திடலாம்," என்றாள் பூமிகா.

"இன்னாது?"

"நெத்தியில வெக்க வேண்டியத நான் கண்ணுல வெச்சுட்டேன். உங்க கண்ணுல குங்குமம் வியுந்தா நீங்க கத்த மாட்டீங்களா? அதான் அதுவும் கத்துது. கண்ண தொடச்சுட்டு, நெத்தியில பெருசா வெச்சுடறேன். மேல இருந்த பொட்டுதான் மழையில போயிடுச்சே, பாருங்க."

துளசிராமன் காரின் நெற்றியைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. அபசகுனம் என்றால் அதுவல்லவா அபசகுனம்! "ஐயோ, ஆமா! சீக்கிரம் வெய்ம்மா!"

"வண்டியக் கழுவக் கூடாதுன்னு ரூல் இருக்கே," என்றார் சரவணன்.

"கண்ணாடியும் லைட்டும் தொடைக்கலாம்னு இருக்கு. கண்ணையும் அதோட சேத்துக்கலாம்," என்றாள் தமிழ்செல்வி.

பூமிகா தோளில் கிடந்த டம்ளர் துணியை இழுத்தாள். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு கண், இரண்டு கண், மூன்று கண். நான்காவது கண்ணில் சேறு பிடிவாதம் பிடித்தது. சோனியா தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் பாவாடை ஓரத்தை நனைத்துத் தேய்த்தாள்.

பீப்... பீ...

சத்தம் நின்றது.

துளசிராமன் பூஜைக் கிண்ணத்தை நீட்ட, பூமிகா காரின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். ஸ்டீவன் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே தாவினார். "ஒம்பது நிமிஷம், நாப்பது விநாடி!" என்று தமிழ்செல்வி கத்தியபோது கார் தடத்தில் ஏறிவிட்டது.

கங்கம்மா வந்து பூமிகாவின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே கையால் அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

*

நான்கு மணி. எல்லைக் கோட்டருகே சோனியா கட்டம் போட்ட கொடியோடு நின்றாள். பூமிகாவுக்கு வயிறு மறுபடி லேசாக எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? அது பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இருந்தது.

வளைவில் எலுமிச்சை நிறம் தெரிந்தது. நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு. சோனியா கொடியை வீசினாள். காற்று ஒரு சுழற்று சுழற்றியது. கொடி கம்போடு சுருட்டிக்கொண்டு, பிரிவேனா என்றது.

"ஐயோ! பிரிய மாட்டேங்குதே! நைனா வராரு! பூமி!"

பூமிகா யோசிக்கவில்லை. கையில் இருந்த டம்ளர் துணியை உயர்த்தினாள். சந்தன மஞ்சள், குங்குமச் சிவப்பு, சேற்றுப் பழுப்பு எல்லாம் கலந்த துணி அது. குதித்துக் குதித்து ஆட்டினாள். கார் அந்தத் துணிக்கு விளக்கை இரண்டு முறை சிமிட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டியது. போட்டோ எடுக்க வந்தவர்கள் எல்லோரும் துணியைத்தான் எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பூமிகாவின் முழங்கையை யாரோ இடித்தார்கள். சோனியாதான். ஒரு வழியாகப் பிரித்த கொடி அவள் கையில் இருந்தது. ஆனால் கண்ணெல்லாம் துணியின் மேல்தான்.

"பூமி, கொடிய நீ வெச்சுக்கோ. அந்தத் துணிய குடேன், நானும் ஒரு தபா ஆட்றேன்."

பூமிகா கொடியைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். சோனியாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே தெரிந்த எரிச்சல் அவளுக்கு நன்றாகப் பழக்கமானதுதான்.

"தரேன். மொதல்ல கேன்டீனுக்கு வா," என்றாள் பூமிகா. "ஒரு டம்ளர் மோர் குடி."