போணி விலை

நெல்லையப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், கீழே உள்ளதில் ஒரு சொட்டும் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் கயத்தாறு விலக்கில் இறங்கி விசாரிக்கலாம்.

தினமும் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இசக்கியம்மாளின் பெட்ரோல் பங்குக்குப் போவேன். அங்கே முதல் விற்பனை, அதாவது போணி, நான்தான். பல நாள் கடைசி விற்பனையும் நான்தான். காரணம், கம்பத்து உச்சியில் அரசாங்கம் பொருத்திய விலைக்கண். எந்த பங்கில் என்ன விலைக்கு விற்றாலும் அது பார்த்துவிடும். உடனே எல்லா வண்டிகளின் காதிலும் ஓதிவிடும். வண்டி தானாக மலிவான பங்கைத் தேடிப் போகும். உள்ளே இருப்பவரைக் கேட்காது. மாமியார் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மணப்பாறையில் டேங்க் நிரப்பித் திரும்பியதுண்டு. என் ஸ்கூட்டருக்கு மட்டும் காது பொருத்தவில்லை.

சட்டம் எளிமையானது. காலையில் விற்ற விலையை அன்று ஏற்றக் கூடாது. சரக்கு இருக்கும்வரை யாருக்கும் இல்லையென்று சொல்லக் கூடாது. சரக்கு இருந்தும் ஒரு பகல் முழுக்க ஒன்றும் விற்காத பங்கின் குழாய் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு திறக்காது. அந்தச் சாலையில் சின்ன பங்குகள் ஒவ்வொன்றாக அப்படித்தான் வாய் மூடின. மிச்சம் இசக்கியம்மாள் மட்டும். எதிரே ஒரு பெரிய கம்பெனியின் பங்க். அங்கிருந்த விலைப்பொறி, இந்தம்மா என்ன விலை வைத்தாலும் ஒரு பைசா குறைத்துவிடும்.

போணிக்கு விலை குறைத்துக் கொடுப்பது அவள் அப்பா காலத்து வழக்கம். விலைக்கண்ணுக்குப் போணி என்றால் என்னவென்று தெரியாது. அதையே அன்றைய விலையாக ஓதியது. எதிரே இன்னும் ஒரு பைசா இறங்கியது.

“போணிய விட்டுரும்மா,” என்றேன்.

“முத ஆள முகம் கோண அனுப்பிட்டு என்ன கட, அண்ணாச்சி? அது பூட்டுனா பூட்டட்டும். நானா பூட்ட மாட்டேன்.”

ஒருநாள் போனபோது அவளுடைய பழைய டேங்கர் லாரி, எதிர் பங்கில் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது.

“லாரி அங்க என்ன பண்ணுது?”

“அதுக்குத் தாகமாம்.” எனக்கு ஒரு லிட்டர் போட்டாள். அவள் தொட்டியில் அன்று இருந்ததே அவ்வளவுதான். “அம்பது பைசா குடுங்க.”

“கிறுக்கு புடிச்சிருக்கா?”

“போணி அண்ணாச்சி. பேரம் பேசாதிய.”

எதிரே பலகை நாற்பத்தொன்பது பைசாவுக்கு இறங்கியது. அவள் சாலையைக் கடந்து போய், “நிரப்புங்க,” என்றாள். மதுரையிலிருந்து வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அங்கே வாசனை மட்டும் மிச்சம்.

அந்த பங்கின் மேனேஜர் செல்வின் ஓடி வந்தார். “அக்கா, இது நியாயமா?”

“வெல போட்டது நீதான தம்பி.”

“நான் எங்க போட்டேன்? மிஷின்லா போட்டுச்சு.”

“அப்ப மிஷின வரச்சொல்லு. அதுட்ட பேசிக்கிடுதேன்.”

லாரியிலிருந்ததை அவள் அன்றைய விற்பனை நேரம் முடிந்து இருட்டிய பிறகே தன் தொட்டியில் இறக்கினாள். மறுநாள் எதிரே இன்னும் சரக்கு வரவில்லை. இவள் நியாயமான விலை வைத்தாள். நான் போவதற்கு முன்பே அங்கே ஒரு கார் நின்றது. சர்ச்சுக்குக் கிளம்பிய செல்வினை அவர் வண்டி நேரே இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. இறங்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவர் கண்ணாடிக்குள் நெளிந்தார்.

“வா தம்பி,” என்றாள் இசக்கியம்மாள். “இன்னைக்கு நீதான் போணி.”

அவருக்கும் விலை குறைத்தாள். அவர் பணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அன்று முதல் அவருடைய விலைப்பொறி, எதிரே போணி முடியும்வரை கண்ணை மூடிக்கொள்கிறது. அவள் குழாய் இன்றுவரை பூட்டிக்கொள்ளவில்லை. நானும் தவறாமல் விடிந்ததும் போகிறேன்.

என் ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடுவது.