மடித்துத் தைத்த இரண்டு அங்குலம்

“பத்து மணிக்குக் கார் வந்துடும். அதுக்குள்ள அவன் துணிமணியையாவது எடுத்து வைக்க முடியுமா உன்னால? இல்ல, அதுக்கும் நான்தான் வரணுமா?”

காலை எட்டு மணிக்கே நாத்தனாரின் குரல் அடுப்படி வரை வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலை மட்டும்தான், குரல் இல்லை. அந்தக் குரலைக் கேட்ட பதற்றத்தில் கவனம் தப்ப, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் துணியால் துடைத்தாள்.

“எடுத்து வைக்கிறேன், அண்ணி.”

“புருஷனைக் கீழே விழ வெச்சுட்டு, குரலைப் பாரு... ஒண்ணுமே நடக்காத மாதிரி!”

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்தக் காருக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அதைச் சொன்னால் புருஷன் மனசு உடைந்துவிடும்.

அவர் தையல்காரர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே நுழைபவரைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, அப்புறம் பேருக்கு டேப்பை வைப்பார். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். அவருடைய இஞ்ச் டேப்பை வேறு யாரும் தொடக்கூடாது. அவளுக்கு வந்த வேலை பட்டன், காஜா, பேண்ட்டின் அடிப்பாகத்தைக் கையால் மடித்துத் தைப்பது. அளவெடுக்க மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. “உனக்கெதுக்கு அதெல்லாம்?” என்பார். அவளும் எதற்கு என்று கேட்டதில்லை.

அவர் கடைப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள். “வீட்டுச் செருப்போட அவரை நிமிர்ந்து நிக்க வைங்க. கையைத் தொங்க விடச் சொல்லுங்க. தரையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்துக்கிட்டுப் போய் வாக்கர் வாங்குங்க.”

அவள் அளக்கப் போனாள். வந்ததே கோபம் மாஸ்டருக்கு!

“ஊருக்கே அளவெடுத்தவன் நான்! எனக்கே அளவெடுக்க வர்றியா? முப்பத்தி நாலரை. போய்ச் சொல்லு கடைக்காரன்கிட்ட!”

வாக்கர் விற்கும் கடையில் மூன்று வகை இருந்தன. முன்னால் சக்கரம் வைத்தது ஒன்று, நடுவில் உட்காரப் பலகை வைத்தது ஒன்று, பித்தானை அழுத்தினால் மடங்குகிற சாதா அலுமினியம் ஒன்று. குளியலறைக் கதவின் அகலத்தை அவள் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தாள். பலகை வைத்தது அந்த முடிச்சைத் தாண்டியது. சக்கரம் வைத்தது வழவழத் தரையில் அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்று பயந்தாள். தையல் மெஷினை ஒட்டிய சந்தில் மடக்கி வைக்க மூன்றாவதுதான் தோது. உயரத்தை மட்டும் அவர் சொன்னபடியே வைத்து வாங்கினாள்.

வந்த நாளிலிருந்து ரகளைதான். தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்க, பாரத்தைக் கையில் இறக்க முடியாமல் தள்ளாடுவார். “சனியன் பிடிச்ச வாக்கர்!” என்று திட்டுவார். யாராவது பேண்ட் தைக்க வந்தால் போதும், டக்கென்று அதை மடக்கித் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் அவர் மதியம் கண்ணயர்ந்தபோது வாக்கரைக் கவிழ்த்தாள். நான்கு கால்களிலும் ஓட்டைகள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒன்றாக இருந்தன. குமிழை அழுத்தி, நான்கையும் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளினாள். மறுநாள் காலை அவர் வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்!

“பாத்தியா? எல்லாம் பழக்கம்தான். நீதான் என்னமோ பயந்தே!”

அவள் தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் தலையாட்டினாள்.

அதற்கு மறுவாரம்தான் நாத்தனார் வந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வந்ததும் வராததுமாக வாக்கரை ஒரு முறை முறைத்தார். “என்ன தம்பி, இவ்வளவு குட்டையா இருக்கு? உன் அளவு என்ன?” மாஸ்டர் முப்பத்தி நாலரை என்றார். யார் இறக்கியது என்ற விசாரணை தொடங்கியது. அவள் ஒப்புக்கொண்டதுதான் தாமதம், மாஸ்டர் கொதித்தார்.

“என் அளவுல கை வைக்க நீ யாருடி?”

“அண்ணி, இதுதான் அவருக்குச் சரியா இருக்கு... தயவுசெஞ்சு ஏத்தாதீங்க!” என்று அவள் கெஞ்சியதை யாரும் கேட்கவில்லை. நாத்தனார் தன் கையாலேயே நான்கு கால்களையும் ஏற்றினார். மறுநாள் காலை குளியலறைக்குப் போகும் வழியில் மாஸ்டர் சரிந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று.

“இவ நோண்டி நோண்டித்தான் அது கெட்டுப்போச்சு! இனிமே என் தம்பி என் வீட்லதான் இருப்பான்” என்று தீர்ப்பு வந்தது. மாஸ்டர் அதை மறுக்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

இப்போது மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே திறந்த பெட்டி. அவள் பேண்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். வீட்டிலும் பேண்ட்தான் அவருக்கு. தையல்காரன் கசங்கி நிற்கக் கூடாதாம்!

“மாத்திரை நீல டப்பாவுல இருக்கு, அண்ணி. எழுந்திரிக்கும்போது வாக்கரைப் பிடிச்சு இழுக்க விடாதீங்க. நாற்காலிக் கையை ஊணித்தான் எழுந்திரிக்கணும்.”

“எனக்குப் பாடம் எடுக்காதே!”

மாஸ்டர் பெட்டியிலிருந்த பேண்ட் ஒன்றைச் சும்மா எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். துணி கைக்கு வந்தால் கட்டைவிரல் தானாக ஓரத்தைத் தடவிப் பார்க்கும். தடவியது. நின்றது. மறுபடி தடவியது.

அடி மடிப்பைப் புரட்டினார். அவளுடைய கைத்தையல். வெளியே தெரியாத பொடித் தையல். அதற்குள்ளே, பிரித்த தையலின் ஊசித் தடம் ஒரு வரிசை. அதற்கும் உள்ளே, ஒரு அங்குலம் தள்ளி, இன்னொரு வரிசை.

அடுத்த பேண்ட்டை எடுத்தார். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

“இதை எப்ப ஏத்தித் தைச்சே?”

அவள் கையிலிருந்த பேண்ட்டை அவசரமாகப் பெட்டிக்குள் திணித்தாள். “அது... துவைச்சதுல கொஞ்சம் நீண்டுடுச்சுங்க.”

“துவைச்சா துணி சுருங்கும். நீளாது. யார்கிட்ட சொல்ற?”

அவள் அந்தப் பேண்ட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“துணி நீளல...” அவர் குரல் உடைந்தது. “நான்தான் சுருங்கிட்டேன். அப்படித்தானே?”

“கார் வர்ற நேரத்துல என்னடா பேண்ட்டு, துணின்னு...” என்று ஆரம்பித்தார் நாத்தனார்.

“அக்கா! ஒரு நிமிஷம் சும்மா இருக்கா!”

பிறந்ததிலிருந்து தம்பி அவரிடம் அப்படிப் பேசியதில்லை. மாஸ்டர் கட்டில் விளிம்பை ஊன்றி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு முதுகைச் சுவரில் சாய்த்தார். ஆணியில் தொங்கிய இஞ்ச் டேப்பை எட்டி எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“அள.”

“என்னங்க, நானா...”

“அளடி!”

அவள் தரையில் உட்கார்ந்தாள். டேப்பைப் பிடித்து, தொங்கிய கையின் மணிக்கட்டு வரை கொண்டுபோனாள்.

“முப்பத்தி... ரெண்டரை.”

“அக்கா, அந்த வாக்கரை நீ அளந்து பாரு. தரையிலேருந்து கைப்பிடிக்கு.”

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அளந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

“முப்பத்தி நாலரைதானே?” என்றார் மாஸ்டர். “நான் சொன்ன அளவுதானே? நீ ஏத்தின அளவுதானே?”

“அய்யோ... அப்ப, உன்னைக் கீழே தள்ளினது நானாடா, தம்பி?”

“நாம ரெண்டு பேரும்தான்.” அவர் மனைவியைப் பார்த்தார். “தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை? அக்கா அவ்வளவு பேசினாளே... நானும் பேசினேனே!”

முப்பத்தெட்டு வருஷமாக அடக்கி வைத்தது உடைந்தது.

“எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது? பயிற்சிக்கார அம்மா சொன்னப்பவே கேட்டீங்களா? முழங்கால் வளைஞ்சு போச்சு, பேண்ட் தரையில புரளுது, தடுக்கி விழப் போறீங்கன்னு நான் சொன்னா ஒத்துப்பீங்களா? ஊரே உங்க அளவை நம்பி வருது. அது ரெண்டு இஞ்ச் தப்புன்னு, அதுவும் உங்க அக்கா முன்னாடி, நான் சொல்லணுமா? என்னை என்ன வேணாலும் சொல்லிட்டுப் போங்க... நான் சொல்ல மாட்டேன்! போதுமா?”

சொல்லிவிட்டு விசும்பி அழுதாள். நாத்தனார் கீழே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

“நான் பெத்த பொண்ணா இருந்தாகூட இப்படிப் பொறுத்திருக்க மாட்டாம்மா... என்னை மன்னிச்சுடு!”

“விடுங்க, அண்ணி... நீங்களும் பாசத்துலதானே...” என்றாள் அவள், எரிச்சல் இன்னும் முழுசாகத் தீராமலே.

வாசலில் காரின் ஹாரன் அடித்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கார் வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு தானே வாக்கரைக் கவிழ்த்து, “எத்தனை ஓட்டைம்மா?” என்று கேட்டுக் கேட்டு நான்கு கால்களையும் இறக்கினார்.

மாஸ்டர் டேப்பை வாங்கி இரண்டாக மடித்து மனைவியின் கழுத்தில் போட்டார்.

“இனிமே அளவு நீ எடு. வெட்டறதை நான் வெட்டிக்கிறேன்.”

“ஆமா, இதுதான் குறைச்சல் எனக்கு!” என்றாள். ஆனால் கழற்றவில்லை.

பெருமிதம் தாங்காமல் அவர் கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் எடுத்து வைக்கப் போனார்.

“முதல்ல வாக்கர்! அப்புறம் வலிக்கிற கால்!” என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தூக்கிய காலை அவர் மெல்லக் கீழே வைத்தார். வாக்கரை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். தோள் இறங்கியிருந்தது. பெட்டியிலிருந்த பேண்ட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.