பிரேரிக் குடிலில் பால் காய்ச்சிய கதை

அந்தக் கண்காட்சிக்கு நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், இலவச நுழைவில். திகில் கதைக்கு இதைவிடச் சப்பையான தொடக்கம் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது, நடந்தது அப்படித்தான்.

1987 ஆடி மாதம். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பின்புறப் புல்தரையில், மேற்கே இரண்டு நாள் ரயில் தூரத்திலுள்ள ஒரு பிரேரி மாவட்டம் கூடாரம் அடித்திருந்தது. பிரேரி என்றால் மரம் இல்லை, மலை இல்லை. கோதுமையும் காற்றும் மட்டும். அந்த வெட்டவெளிக்கு மொன்றியல் சனம் விடுமுறைக்கு வரவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ‘குடும்பத்தோடு பார்க்க வேண்டிய ஒன்பது இடங்கள்’ என்று வழவழப்பான கையேடு ஒன்றை எல்லோருக்கும் நீட்டினார்கள். முதலாவது, தானியக் களஞ்சிய அருங்காட்சியகம். இரண்டாவது, பழைய தபால் கந்தோர் அருங்காட்சியகம். முத்திரை குத்தும் கட்டையைத் தொட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, சீமெந்தில் செய்த பதினெட்டு அடி வாத்து. பிள்ளைகள் முதுகில் ஏறலாம். நான்காவது, முதற் குடியேறியவர்களின் குடில். ஐந்தாவது, மாவட்டத்தின் முதல் தலைவருடைய வெண்கலச் சிலை.

வாத்தைக் கொண்டுவர முடியாததால் குடிலைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, புல்தரையில் திரும்பப் பூட்டியிருந்தார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேந்திரராசாவுக்கு அந்தக் குடிலைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பே வந்தவர். அந்த ஒரு விஷயத்தை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாத குறை. புறநகர் ரொக்ஸ்பரோவில் சொந்த வீடு. புதிதாக வருகிறவர்களை அந்த வீட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். நான் சங்கச் செயலாளர் கணேசலிங்கம். செயலாளர் என்றால், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுவது, ஞாயிறுகளில் தலைவருக்கு ஒலிவாங்கி பிடிப்பது.

“ஐசே கணேசு, இதுக்குள்ள நாங்கள் பால் காய்ச்ச வேணும்,” என்றார்.

“இது கண்காட்சி, அண்ணை.”

“அதுதான் ஐசே விசயம். குடியேறின ஆக்களின்ர வீடு. நாங்களும் குடியேறின ஆக்கள். வீடு குடிபூரல் செய்தமெண்டால் பேப்பர்க்காரர் ஓடி வருவாங்கள். நாளைக்கு மந்திரி கூப்பிட்டுக் கதைப்பார்.”

மாவட்டத்து அதிகாரிகளுக்கும் படம் வேண்டியிருந்தது. தலையாட்டிவிட்டார்கள். என் அறையிலிருந்த அலுமினியப் பால் பானையைக் கொண்டுவரும்படி எனக்குக் கட்டளை.

பானையோடு திரும்பி வந்தபோது குடிலின் கதவடியில் அக்னெஸ் நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மட்டக்களப்பு ஆள். தையல் தொழிற்சாலையில் வேலை. மகேந்திரராசாவின் வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்தப் பெப்ரவரியில் தலைவரின் மச்சான் ஜெர்மனியிலிருந்து வரப்போவதாகச் செய்தி வந்தது. அன்று மாலையே அவளுடைய சாமான்கள் கறுப்புக் குப்பைப் பைகளில் ஏறின. பைகளைப் பனிக்குள் கொண்டுபோய் வைத்தது நான். “வேற அறை ஒழுங்கு செய்தாச்சு, பிள்ளை,” என்று தலைவர் கொடுத்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை. அவள் திரும்பி வந்து மணியை அடித்தாள். உள்ளே விளக்கு அணைந்தது. நானும் உள்ளேதான் இருந்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

குளிர் அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது.

அந்தக் கையால்தான் இப்போது அவள் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவின் வெளிப்புறத்தில், இடுப்பு உயரத்திலிருந்து கீழ்ப்படி வரைக்கும் கீறல்கள். ஐந்தைந்தாக. பக்கத்தில் தொங்கிய பலகையில் ‘காலநிலையால் ஏற்பட்ட தேய்வு’ என்று எழுதியிருந்தது.

“இது காலநிலையோ அண்ணன்?” என்றாள்.

லொறியோடு வந்த கிழட்டுக் காவலாளியிடம் கேட்டேன். அவர் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தை நான் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். குடிலைக் கட்டியவள் மார்த்தா என்றொரு பெண். புருஷன் செத்ததும், தனிப்பெண்ணுக்குக் காணி எதற்கு என்று மாவட்டத்தின் முதல் தலைவர் அவளை ஒரு தை மாதத்தில் வெளியேற்றிவிட்டுத் தானே உள்ளே குடியிருந்தார். அவள் திரும்பி வந்தாள். அவர் அடுப்படியில் இருந்தபடி கதவைத் திறக்கவில்லை. காலையில் அவளைப் படியிலிருந்து பெயர்த்து எடுத்தார்களாம்.

அடுத்த மாரிப் பனியில் அந்த மாவட்டத் தலைவரையும் அதே படியிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கதவு உள்ளேயிருந்து தாழிட்டிருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒருவரும் இல்லை.

“இதையெல்லாம் கையேட்டில் போடவில்லையே,” என்றேன்.

“போட்டால் குடும்பத்தோடு யார் வருவார்கள்?” என்றார் கிழவர். “சிலையைத்தான் போட்டிருக்கிறோமே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நாற்பது வருசமாக நான் இந்தக் கதவைத் தட்டாமல் திறந்ததில்லை,” என்றார்.

அக்னெஸ் குறைவிரலால் மூன்று தரம் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள்.

கதவு, வெயிலில் காய்ந்த பலகை, அவளுடைய கன்னத்தில் ஈரமாக ஒட்டியிருந்தது.

அதற்குள் மகேந்திரராசா பட்டு வேட்டியில், அவர் மனைவி சிவநேசம் நிறைகுடத்தோடு, பின்னால் நூறு சனமும் பேப்பர்க்காரன் ஒருவனுமாக வந்துவிட்டார்கள். அக்னெஸ் வழியை மறித்தாள்.

“ஐயா, ஆள் இருக்கிற வீட்டில பால் காய்ச்சப்படாது.”

“எங்க பிள்ளை ஆள்? நான் ஒருத்தரையும் காணேல்லையே.”

“அண்டைக்கும் நீங்க காணல்லதான்.”

தலைவர் சிரித்தார். மேடையில் சிரிக்கிற அதே சிரிப்பு. “பார்த்தீங்களோ, மட்டக்களப்புப் படுவான்கரைப் பேயெல்லாம் மொன்றியலுக்கும் வந்திட்டுது,” என்றார். சிலர் மரியாதைக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். தட்டவில்லை.

ஒலிவாங்கியோடும் பானையோடும் நான் பின்னால். இடம் சிறிது என்பதால் மற்றவர்கள் வெளியே. படம் பிடிப்பவன் சன்னலடியில்.

உள்ளே மண்ணெண்ணெய் மணம், ஈரக் கம்பளி மணம். ஆடி மாதம், வெளியே முப்பது பாகை. உள்ளே என் மூச்சு புகையாக வந்தது. இரும்பு அடுப்பில் விறகு நன்றாகவே பற்றி எரிந்தது. பாலை ஊற்றிப் பானையை வைத்தேன். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே! இண்டு தொடக்கம் இது எங்கட வீடு—”

கதவு சாத்திக்கொண்டது.

தாழ் விழுந்தது. மெதுவாக, ஒழுங்காக, வீட்டுக்காரி போடுகிறமாதிரி.

“கணேசு, ஆர் ஐசே பூட்டினது?”

நான் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ படர்ந்தது. ஆடை கட்டுகிறது என்று நினைத்தேன். கரண்டியால் தொட்டேன்.

டங் என்றது.

அடியில் நெருப்பு. மேலே பனிக்கட்டியான பால்.

அப்போதுதான் சுரண்டல் கேட்டது. கதவின் வெளிப்புறம், இடுப்பு உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கியது. ஐந்து நகம். பிறகு மறுபடி மேலேயிருந்து. அந்த நேரம் முழுவதும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நூறு சனமும், அங்கே ஒருவரும் இல்லை என்று பிறகு சத்தியம் பண்ணினார்கள்.

“திறவாதை,” என்று தலைவர் என் காதுக்குள் சொன்னார். “திறவாதை, கணேசு.”

பெப்ரவரியிலும் இதே சொல்தான். இதே குரல்.

சுரண்டல் நின்றது. பிறகு அடுப்படியில், எங்களுக்குப் பின்னால், கதிரை ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்ட சத்தம். யாரோ எழும்பினார்கள். ஈரக் கம்பளி மணம் என் தோளை உரசிக்கொண்டு போனது. தாழ் விலகியது. கதவு விரியத் திறந்தது.

வெளியே வெயில். சனத்தின் முன்வரிசையில் அக்னெஸ். அவள் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டாள்.

நான் வெளியே வந்ததும் கேட்டேன். “என்னத்தைக் கண்டனீர்?”

“அவ போறா அண்ணன்.”

“எங்க?”

“தலைவர் ஐயா இதில பால் காய்ச்சிற்றார்தானே. இனி இது அவர்ர வீடு. அவவுக்கும் ஒண்டு வேணுமே.”

அன்று பின்னேரம் மகேந்திரராசா குடும்பத்தோடு ரொக்ஸ்பரோவுக்குத் திரும்பினார். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. பூட்டுக்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் சன்னலைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் உட்பக்கம் உறைபனி ஏன் என்று பிரெஞ்சில் கேட்டான். சமையலறையில் ஒரு கதிரை அடுப்பை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்துச் சிவநேசம் பிள்ளைகளோடு ஜெர்மனியிலிருந்து வந்த தன் தம்பியின் மாடிவீட்டுக்குப் போய்விட்டாள்.

தலைவர் விடவில்லை. சங்கக் கூட்டத்தில், குளிர்சாதன இயந்திரத்தின் கோளாறு என்று அரைமணி நேரம் விளக்கினார். அவர் வீட்டில் குளிர்சாதன இயந்திரமே இல்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து தாழோடு மல்லுக்கட்டினார். சில நாள் திறந்தது. சில நாள் காருக்குள் படுத்தார். “என்ர வீட்டை விட்டு என்னை ஆர் எழுப்புறது?” என்பார். மார்கழி வந்ததும் பேச்சுக் குறைந்தது.

பெப்ரவரியில், அக்னெஸை வீட்டை விட்டு எழுப்பிய அதே தேதியில், தபால்காரர் அவரை வாசற்படியில் கண்டெடுத்தார். உயிர் இருந்தது. கன்னம் படியோடு ஒட்டியிருந்ததால் வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்கள். உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. கதவின் வெளிப்பக்கத்தில் இடுப்பு உயரத்திலிருந்து கீழ்ப்படி வரைக்கும் கீறல்கள், ஐந்தைந்தாக. காப்புறுதிக்காரன் வந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனான்: காலநிலையால் ஏற்பட்ட தேய்வு.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி அவருக்கு ஒலிவாங்கி பிடிக்க ஏலாது. அவர் பேசுகிறதுமில்லை. யாராவது எங்காவது கதவைத் தட்டினால் மட்டும், “திறவுங்கோ, திறவுங்கோ,” என்று அழுவார்.

நான் அக்னெஸின் தொழிற்சாலை வாசலில் ஒருநாள் காத்திருந்தேன்.

“உமக்கு இப்ப சந்தோசமோ?” என்று கேட்டேன்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு விரல் வெறுமையாகத் தொங்கியது. “நான் தட்டினது மட்டும்தான் அண்ணன். கணக்கு வைச்சிருக்கிறதெல்லாம் அவதான். மறுகா உங்கட முறையும் வரும்.”

“நான் பை மட்டும்தான் தூக்கினனான்.”

“அதையும் அவவிட்டச் சொல்லுங்க.”

நேற்றுப் பின்னேரம் எனக்கு ஒரு பொதி வந்தது. எங்கள் மாடிவீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில்தானே. செருப்போடும் உடுத்த சறத்தோடும் இறங்கி, பொதியை எடுத்துக்கொண்டு ஏறினேன். வாசலில் நின்றே பிரித்தால், குடிலில் விட்டு வந்த என் அலுமினியப் பானை. அதற்குள் இந்த வருசத்துக் கையேடு. ஒன்பது இடங்கள் இப்போது எட்டு. நான்காவதான குடில் இல்லை. ஓரத்தில் கிழட்டுக் காவலாளியின் கையெழுத்து:

‘உங்கள் பானை. குடில் இப்போது சூடாக இருக்கிறது. தட்டினால் பதில் இல்லை. அவள் எங்களோடு திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா?’

படிக்கட்டில் பனி கொட்டத் தொடங்கியது. சாவியைப் போட்டேன். சாவி திரும்பியது.

உள்ளே தாழ் விழுந்தது. மெதுவாக, ஒழுங்காக.

நான் தனி ஆள். எனக்கு இருப்பது ஒரே ஒரு பானை; அது என் கையில் இருந்தது.

கதவின் கீழ் இடுக்கால் பால் பொங்கி வழிகிற மணம் வந்தது.