ஈரம் காயாத கையெழுத்து

படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்காரரின் கட்டைவிரலில் மை ஒட்டிக்கொண்டது. புகைப்படத்தின் ஓரத்தை லேசாகத்தான் தொட்டிருந்தார். கையெழுத்தின் வால் கொஞ்சம் இழுபட்டு, கறுப்பாகப் பளபளத்தது. அதைப் போட்ட இசையமைப்பாளர் இறந்து எண்பது வருடமாகிறது.

"என்ன சகலை, எப்படி இருக்கு?" மேசைக்கு எதிரே நின்ற பல் டாக்டர் சிரித்தார். "அவரேதான். வாழ்நாள்ல யாருக்குமே கையெழுத்துப் போடாத மனுஷன். பியானோ ரிப்பேர் பண்ற ஒருத்தர், நான் ரிட்டயர் ஆனது தெரியாம, கடைவாய்ப் பல்லு பிடுங்க வந்தாரு. ஏதோ பழைய பியானோவுக்குள்ள கிடந்துச்சாம். வச்சுக்கங்கன்னு கொடுத்துட்டுப் போயிட்டாரு."

"நல்லாருக்கு." பிரேம் கடைக்காரர் கட்டைவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

அக்காவைக் கட்டியவர் பல் டாக்டர், தங்கையைக் கட்டியவர் இவர். இசையமைப்பாளர்கள் கையெழுத்திட்ட புகைப்படங்களைச் சேர்க்கும் பைத்தியம் முதலில் பிடித்தது இவருக்குத்தான். இருபத்திரண்டு வருடமாக ஏல அறிவிப்புகளைத் துழாவி, வாரிசுகளைத் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதி, பதினொரு படம் சேர்த்திருந்தார். நாலு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற பல் டாக்டர், பொழுது போகவில்லை என்று ஆரம்பித்து நாற்பதைத் தாண்டிவிட்டார். அத்தனைக்கும் கண்ணாடி வெட்டி, அட்டை வைத்து, சட்டம் அடித்துக் கொடுத்தது இவர் கைதான். மாமனார் வீட்டிலும் அதே கதை. பெரிய மாப்பிள்ளைக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. இவருக்குச் செருப்பு கிடக்கும் ஓரம்.

"ஒரு வாரம் ஆகும் சகலை."

"ஆகட்டுமே. உங்ககிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன?"

அந்தப் பெருந்தன்மைதான் இவருக்கு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது.

படத்தில் ஒல்லியான ஒரு மனிதர் பியானோவின் முன் உட்கார்ந்திருந்தார். விரல்கள் கட்டைகள்மேல். முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது, யாரோ அறைக்குள் நுழைந்த சத்தம் கேட்டதுபோல. ஈரத்தில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிரேம் கடைக்காரர் அதை வெறுமனே மேசையில் கிடத்தினார். மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினார். தாள் கறுத்தது. கையெழுத்து குறையவில்லை.

மறுநாள் மதியம், தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்து, மரத்தூளும் பசையும் வெயிலில் சூடாகி மணந்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால் யாரோ முரட்டுத் தாளில் நிப்பால் கீறுவதுபோல் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பினார். நின்றுவிட்டது. கையெழுத்துக்குக் கீழே புதிதாக ஓர் எழுத்து இருந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டாவது. மூன்றாம் நாள் மூன்றாவது. சேர்த்துப் படித்தார். பல் டாக்டரின் பெயர்.

கடையைவிட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் மனிதர்களோடு மனிதராக நடைபாதையில் நின்றார். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று அரித்தது. செத்துப்போன ஆள்கூட அவருக்குத்தான் எழுதுகிறார். மூன்று நாள் பக்கத்திலேயே காவல் கிடந்தவன் பெயர் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி பதற்றமாக இருந்தாள். "என்னங்க, அக்கா போன் பண்ணா. மாமாவுக்கு மூணு நாளா காது மந்தமாயிட்டே வந்து, இன்னைக்குச் சுத்தமா கேக்கலையாம். வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

பாவம் என்று வாயால் சொன்னார். இத்தனை படம் சேர்த்தவருக்குக் காது போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அந்த வீட்டில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பல் டாக்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். அக்கா அவர் தோளைத் தொட்டதும் கண் திறந்து, காது கேளாதவர்களின் உரத்த குரலில் பேசினார்.

"வாங்க சகலை! வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்கலை. போனா போகட்டும். உள்ள அவரு வாசிக்கிறாரு. யாருக்குமே வாசிக்காதது. எனக்கே எனக்கு." சட்டென்று பிரேம் கடைக்காரரின் கையைப் பிடித்தார். "ஐயோ, உங்களுக்குக் கேக்காதுல்ல? பாவம்."

அந்தப் பாவத்தை அவரால் தாங்க முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி அக்காவை நினைத்து அழுதாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் உச்சிவேளையில் கடைக் கதவை உள்ளிருந்து பூட்டினார். அட்டை வெட்டும் பிளேடால் அந்த மூன்று எழுத்துகளையும் சுரண்டினார். தாளின் நார் வெள்ளையாக எழும்பியது. நீண்ட நாள் மூடிக் கிடந்த பெட்டியின் வாடை வந்தது. பிறகு பேனா நிப்பைக் கையெழுத்தின் ஈரத்திலேயே தொட்டு, சுரண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார். நான்கு எழுத்து. தன் கையெழுத்து இவ்வளவு அழகா என்று அவருக்கே ஆச்சரியம்.

உட்கார்ந்து காத்திருந்தார்.

முதலில் சுவர்க் கடிகாரம் போயிற்று. பிறகு தெரு. பிறகு மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. தன் மூச்சும் கேட்காமல் போன அந்த வெறுமைக்குள், ஆழத்தில் எங்கோ, ஒரு கட்டை அழுந்தியது. இன்னொன்று. ஒரு ராகம், வெகுநாளாக அவரைத் தேடி அலைந்து கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்ததுபோல், ஒவ்வொரு சுரமாகத் தயங்கித் தயங்கி நெருங்கி வந்தது. பிரேம் கடைக்காரர் அழுதார். எனக்கு. எனக்கே எனக்கு.

பாதியில் நின்றது.

வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தவர், கதவில் நிற்கும் ஆளைப் பார்த்ததும் நிறுத்துவதுபோல. பியானோவின் மூடி தொப்பென்று விழுந்தது. அதன்பின் ஒன்றுமே இல்லை.

மேசையில் கைப்பேசி ஒளிர்ந்தது. மனைவியின் செய்தி: "மாமாவுக்குக் காது வந்துடுச்சு! ஆனா ஏன் நிறுத்திட்டீங்க, ஏன் நிறுத்திட்டீங்கன்னு குழந்தை மாதிரி அழறாரு. நீங்க எங்க இருக்கீங்க?"

பதில் எழுதக் கையெடுத்தவரின் கண் படத்தின்மேல் விழுந்தது.

அவர் பெயருக்கு முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி ஊறியது. புள்ளி நீண்டது. கோடானது. நிதானமாக, முதல் எழுத்தின் குறுக்கே போயிற்று. அடிக்கிறார். என் பெயரை அடிக்கிறார்.

பசை வாடை போய்விட்டது. மரத்தூளின் வாடையும்.

பிளேடை எடுத்தார். கோடு இரண்டாம் எழுத்தைத் தாண்டியது. வலது கை தோளிலிருந்து தொங்கி, வேறு யாருடையதோ போல மேசைமேல் விழுந்தது. "யாராவது வாங்க!" கத்தினார். கத்தினாரா? தெரியவில்லை. கதவின் பூட்டு பத்தடி தூரத்தில்.

மூன்றாம் எழுத்து.

கதவைக் காணவில்லை. சுவரைக் காணவில்லை. இருட்டு அல்ல, அங்கே எதுவுமே இல்லை. மிச்சமிருந்தது மேசை, படம், ஓர் எழுத்து. படத்திலிருந்தவர் இப்போது இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார், வந்தவன் போய்த் தொலையட்டும் என்பதுபோல.

ஈரக் கோடு நான்காம் எழுத்தின் வளைவைத் தொட்டு, அவசரமே இல்லாமல், மேலே ஏறியது.