விடியலின் இரண்டரை நாழிகை

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் அந்தியின் செம்மை இன்னும் முழுவதும் கரையாதிருக்க, கீழ்த்திசையில் மூங்கிற் புதர்களுக்கு மேலே பௌர்ணமிச் சந்திரன் மெல்ல எழுந்து, தென்கரையில் ஓங்கி நின்ற நெடுங்கரைக் கோட்டையின் கருங்கல் மதில்களையும், வடகரையில் வரிசை வரிசையாக விரிந்துகிடந்த பகைவர் கூடாரங்களையும் ஒரே விதமாக வெள்ளையாக்கிக்கொண்டிருந்தான். சந்திரனுக்கு என்ன கவலை! நம்மவர், அயலார் என்ற பேதம் அவனுக்கு உண்டா? கவலையெல்லாம் மதில்மேல் நின்ற அரிஞ்சிகைக்குத்தான்.

நெடுங்கரைச் சிற்றரசரின் ஒரே மகள் அவள். வில்லும் வாளும் தந்தையிடமே பயின்றவள். துணைப்படை திரட்டிவர அவர் தெற்கே போயிருந்தார். திரும்ப இன்னும் மூன்று நாள் ஆகும். அதுவரை கோட்டையைக் காக்கும் பொறுப்பு தளபதி வெண்காடனுடையது. இருபத்தெட்டு வயது வாலிபன். வரும் தை மாதத்தில் அரிஞ்சிகைக்கு மாலை சூட்டப் போகிறவன். அவன்மேல்தான் இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது. காதலனைச் சந்தேகிக்கும் பெண்ணுக்குச் சோறு இறங்குமா, தூக்கம்தான் வருமா?

ஒரு மாதமாகக் கோட்டையின் இரகசியங்கள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. நெற்படகுகள் எந்தத் துறைக்கு வருமென்று பகைவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதே ஒரு மாதமாக வெண்காடனும் ஆளே மாறிப்போயிருந்தான். விடியற்காலை வாட்பயிற்சிக்கு அவன் வருவதில்லை. முத்திரை மோதிரத்தை விரலில் காணோம். ஓலைகளைத் தன் கையால் எழுதுவதை விட்டுப் பிறரிடம் சொல்லி எழுதுவித்தான். பட்டப்பகலில் சோர்ந்து படுத்துக்கொண்டான். வாசகர்களே, உங்களுக்கு என்ன தோன்றும்? மோதிரம் பகைவன் கைக்குப் போயிற்று, விடியலில் யாரையோ இரகசியமாகச் சந்திக்கிறான் என்றுதானே? அவளுக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

அவன் மதில்மேல் வந்ததும் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்: "தளபதியாரே, முத்திரை மோதிரம் எங்கே?"

வெண்காடன் இடைக்கச்சையிலிருந்து அதை எடுத்து நீட்டினான். "இதோ, தேவி. தொலைந்துவிடவில்லை. விரலில்தான் ஏற மறுக்கிறது."

"ஏற மறுக்கிறதா? போன மாதம் கழன்று விழுகிறதென்று நூல் சுற்றி அணிந்தீர்களே!"

அவன் இரண்டு கைகளையும் பந்தத்தின் ஒளியில் விரித்துக் காட்டினான். இரு கைகளிலும் விரற்கணுக்கள் ஒன்றுபோல் வீங்கியிருந்தன. அரிஞ்சிகை தொட்டுப் பார்த்தாள், சுட்டது.

"விடிந்ததும் விரல்கள் மடங்குவதில்லை, தேவி. கச்சையைக்கூட முடிச்சுப் போட முடியவில்லை. வாளை எடுத்தால் நழுவுகிறது. வெயில் ஏற ஏறத் தானாகவே சரியாகிவிடுகிறது. அடிபட்ட நினைவும் இல்லை. வீரர்கள் கண்டால் பயந்துவிட்டேன் என்று பேசமாட்டார்களா? அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டேன்."

"என்னிடம்கூடவா சொல்லக்கூடாது? நான் உங்களைத் துரோகி என்றல்லவா... ஐயோ, என் புத்தி ஏன் இப்படிப் போயிற்று!" அழுகையும் கோபமுமாக அவள் குரல் உடைந்தது.

"துரோகி என்றுதானே நினைத்தீர்கள்? கிழவன் என்று நினைக்காதவரையில் என் பாக்கியம்!" என்றான் வெண்காடன். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

அந்த இரு கரைகளிலும் ஒரு வழக்கம் இருந்தது. போர் மூண்டிருந்தாலும் தோளில் மருந்துப் பை தொங்கும் வைத்தியரை யாரும் மறிப்பதில்லை. அவருடைய பரிசலைச் சோதிப்பது பாவம். அப்படி ஒரு மாதமாக வந்துபோய்க்கொண்டிருந்தவர் ஐயாறர். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அன்று புறப்படவிருந்தவரை அரிஞ்சிகையே ஆள்விட்டு அழைத்தாள்.

ஐயாறர் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "காலையில் பாதத்தைத் தரையில் ஊன்றினால், கூழாங்கல்லை மிதித்தாற்போல் இருக்கிறதா?"

"ஆமாம்! உமக்கு எப்படித் தெரியும்?"

"பசி?"

"அதை மறந்தே போனேன்."

"மாலையில் மேல் கதகதப்பாக இருக்குமே? சரிதான். விடிந்ததும் இந்த இறுக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது?"

"இரண்டரை நாழிகை. அதற்குக் குறைவதில்லை."

"கீல்வாயுவின் தொடக்கம், தளபதியாரே."

"அது முதியவர்களுக்கு வருவதல்லவா?"

"நன்றாகச் சொன்னீர்கள்! வயதாகி மூட்டுத் தேய்ந்து வரும் வலி வேறு. அது நடக்க நடக்கக் கூடும். இதுவோ இளவட்டங்களையும் பிடிக்கும். ஓய்ந்திருந்தால் இறுகும், அசைத்தால் இளகும். வாள் பிடித்த களைப்பு, பனிக்காற்று என்று சாக்குச் சொல்லிக்கொண்டே ஆறு மாதம் போக்கினால் விரல்கள் கோணிவிடும். பிறகு எந்த வைத்தியனாலும் நிமிர்த்த முடியாது. இப்போதே காட்டினீர்களே, பிழைத்தீர்கள்."

கஷாயப் பொடியும் தைலமும் எடுத்து வைத்தார். நொச்சியிலை ஒத்தடம் கொடுக்கும் விதத்தைச் சொன்னார். பையைக் கட்டிக்கொண்டே, "அந்த இரண்டரை நாழிகையில் தங்களுக்குப் பதிலாகப் படையை நடத்த வேறு யாரேனும் உண்டா?" என்றும் கேட்டார்.

"யாரும் இல்லை" என்றான் வெண்காடன், களைத்துப்போனவனாக. ஐயாறர் வணங்கி விடைபெற்றார்.

அரிஞ்சிகை அடுக்களைக்குப் போய், நொச்சியிலையை வதக்கச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஏற்றிய கை அப்படியே நின்றது. வைத்தியர் பசியைக் கேட்கலாம், தூக்கத்தைக் கேட்கலாம். படையை நடத்துவது யாரென்று அவருக்கு எதற்கு? எழுந்து ஆற்றுத்துறையை நோக்கி ஓடினாள்.

பரிசல் நடு ஆற்றைத் தாண்டியிருந்தது. "ஐயாறரே, நில்லும்!" என்று கூவினாள். துடுப்பு இன்னும் விரைந்தது. காவலன் கையிலிருந்த வில்லைப் பறித்து நாணேற்றி எய்தாள். அம்பு பரிசலுக்கு ஒரு முழம் இப்பால் நீரில் விழுந்தது.

"தேவி!" என்று ஆற்றின் மேல் குரல் வந்தது. "நான் வடகரை அரசரின் ஒற்றன்தான், அவர் உப்பைத் தின்றவன். ஆனால் வைத்தியனும்கூட! நோயைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மருந்தை இன்றே தொடங்குங்கள்!"

அடுத்த அம்பு எட்டாத தூரத்துக்கு அவன் போய்விட்டான். சிறிது நேரத்துக்கெல்லாம் வடகரையில் முரசு அதிர்ந்தது. பந்தங்கள் படகுத் துறையை நோக்கி வரிசையாக நகரத் தொடங்கின. எப்போது வருவார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முரசொலி கேட்டு வெண்காடன் ஓடிவந்தான். வீரர்களும் திரண்டார்கள்.

"நான்தான் அவனை அழைத்தேன்" என்றாள் அரிஞ்சிகை. "தங்கள் விரல்கள் மடங்காத நேரத்தை நானே அவன் கையில் கொடுத்துவிட்டேன்."

"விடிவதற்குள் வாளை என் கையோடு கயிற்றால் கட்டிவிடுங்கள், தேவி."

"கட்டமாட்டேன்! முதல் வெட்டிலேயே தங்களைப் பறிகொடுக்கவா?" அவள் அவன் உறையிலிருந்து வாளை உருவி, ஆற்றுநீரைக் கையில் அள்ளி அதன்மேல் வார்த்தாள். "இந்த வெள்ளாற்றின் மேல் ஆணை! சூரியன் எழுந்து இரண்டரை நாழிகை வரையில் கோட்டை வாயில் என் பொறுப்பு. என் உயிர் உள்ளவரை ஒருவனும் உள்ளே வரமாட்டான். விரல்கள் இளகிய பிறகு தாங்கள் வாருங்கள்."

"நாளைக்கென்று இளகத் தாமதமானால்?"

"ஆகட்டுமே. அதுவரையில் நிற்பேன்."

வெண்காடன் அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு வீரர்கள் பக்கம் திரும்பி, ஒரு மாதமாக மேலாடைக்குள் மறைத்துவந்த கைகளை எல்லாரும் காணும்படி உயரத் தூக்கினான்.

"தோழர்களே, எனக்கு நோய் வந்திருக்கிறது. விடியலில் இந்த விரல்கள் மடங்கா. உங்களிடம் மறைத்தேன், பகைவன் தெரிந்துகொண்டான். நாளை விடிந்ததும் தேவியின் சொல்லே என் சொல்!"

அவர்களில் மூத்த வீரன் ஒருவன் முன்னால் வந்து, அந்த வீங்கிய விரல்களைத் தன் இரு கைகளிலும் மெல்ல ஏந்திக்கொண்டான். "இதை முன்பே சொல்லியிருக்கக்கூடாதா, தளபதி?" என்றான்.